கேட்டில் வேப்பிலை இல்லை

1

இது இடையில் சும்மா கிடக்கிற நாள். நேற்று யாழினிக்கு எட்டு வயது ஆனது. நாளை அவளைப் பெற்றவள், என் தங்கை திலகா, செத்து எட்டு வருடம் ஆகிறது. நேற்று கேக், நாளை படையல். நடுவில் வரும் இந்த ஒரு நாளில் எனக்கு எந்த வேலையும் ஓடாது. வருடா வருடம் வார்டில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவேன். இந்த வருடம் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் மலர். சொந்த ஊர் நெய்வேலி நகரியத்துக்கு வெளியே, குறிஞ்சிப்பாடி போகிற பக்கம். நர்ஸ் படிப்பு படித்தவள். இப்போது இருப்பது கிழக்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரம். இங்கேயும் பழுப்பு நிலக்கரிதான். நம் சுரங்கத்தில் சக்கரத்தைச் சுழற்றி மண்ணை அள்ளுகிற ராட்சத மெஷின் இருக்கிறதே, அதன் அண்ணன் தம்பிகள் எல்லாம் இந்த ஊர் வெளியில்தான் நிற்கிறார்கள். ஊரே வேண்டாம் என்று ஓடி வந்தவளுக்கு முன்னால் ஊர் வந்து உட்கார்ந்திருந்தது. முதல் வாரம் பஸ் ஜன்னலில் அந்த மெஷினைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நேற்று கேக் வெட்டும்போது நெய்வேலி நம்பர் ஒன்றிலிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை. இன்று காலையிலும் வந்தது, எடுக்கவில்லை. அடிப்பது யார் என்று எனக்குத் தெரியும், எதற்கு என்றும் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. நான் நல்ல மனம் கொண்டவள் என்று யாராவது நினைத்திருந்தால் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2

பன்றிக் காய்ச்சல் வந்த காலம் நினைவிருக்கும். 2009இல் ஆரம்பித்து 2010 வரை ஆட்டிவைத்தது. அப்போது திலகா நகரியத்தில் ஒரு பிளாக்கில் ஐந்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். பிளாக் நம்பரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அந்தத் தெருவே கிளம்பி வரும். அவள் புருஷன் சேகர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். நான் பண்ருட்டியில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன்.

அந்த பிளாக்கில் குடியிருப்போர் சங்கம் ஒன்று உண்டு. செகரட்டரி வேலுச்சாமி சார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், பர்மனென்ட், நல்ல கிரேடு. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. திலகா வேலை செய்த ஐந்து வீட்டில் அவர் வீடும் ஒன்று. அங்கே அவளுக்குக் காபி கொடுக்கிற டம்ளர் பின்பக்கத் துணி துவைக்கிற கல்லுக்கு மேல் தனியாகக் கவிழ்ந்திருக்கும்.

காய்ச்சல் பரவ ஆரம்பித்ததும் சங்கம் கட்டுப்பாடு போட்டது. கம்யூனிட்டி ஹாலைப் பூட்டினார்கள். டான்ஸ் கிளாஸ், ஷட்டில் கோர்ட், பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு எல்லாம் நின்றது. ஹால் வாசலில் ஒரு நீல டிரம்மில் தண்ணீரும் சோப்பும் வைத்தார்கள். பொதுக்குழாய்க்கு வருகிறவர்கள், பால் போடுகிறவர்கள், வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் கை கழுவிவிட்டுத்தான் தெருவுக்குள் போக வேண்டும். இவ்வளவும் நல்ல காரியம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் எந்த வீட்டில் காய்ச்சல் என்பது வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பெரிய வீட்டுக்காரர்கள் வேலைக்காரியிடம் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்? திலகாதான் அதற்கு வழி சொன்னாள். வேலுச்சாமி சார் சம்சாரத்திடம் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

"அம்மை வந்தா எங்க வூட்ல வாசல்ல வேப்பிலை சொருவுவோம்மா. அதப் பாத்துட்டா ஒரு ஆளு உள்ள வராது. இந்த ஜுரத்துக்கும் கேட்ல ஒரு கொத்து சொருவிட்டா, நாங்க வெளியிலேயே நின்னு கேட்டுகினு போயிருவோம்ல?"

அடுத்த சங்கக் கூட்டத்தில் வேலுச்சாமி சார் எழுந்து, நம் பாரம்பரிய முறையில் ஒரு யோசனை சொல்கிறேன் என்று ஆரம்பித்து அதை அப்படியே தன் யோசனையாகச் சொன்னார். கை தட்டினார்களாம். அந்தச் செய்தியைத் திலகா எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அதில் கோபமே இல்லை. "ஆரு சொன்னா என்னாக்கா, நடக்குதுல்ல" என்றாள்.

நடக்கத்தான் செய்தது. நகரியத்தில் வேப்ப மரத்துக்கா பஞ்சம்? காய்ச்சல் வந்த வீட்டுக் கேட்டில் கொத்து தொங்கும். பால் பாக்கெட் கேட்டிலேயே நிற்கும். வேலைக்காரப் பெண்கள் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். காய்ந்த கொத்தை எடுத்துவிட்டால் காய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். திலகா அப்போது மாசமாக இருந்தாள். காலையில் தெருவுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் பார்ப்பது கேட்டைத்தான்.

3

யாழினி பள்ளிக்கூடத்தில் போன மாதம் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். வேர், கிளை, இலை எல்லாம் வரைந்து இலைக்கு ஒரு பெயர். அவள் என்னை ஒரு கிளையில் எழுதிவிட்டு, பக்கத்துக் கிளையில் திலகாவை எழுதினாள். பெயரை எழுத்துக்கூட்டி எழுத மூன்று தடவை கேட்டாள். தமிழில் கேட்கவில்லை. நான் தமிழில் பேசினால் அவள் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். சண்டை என்றால் மட்டும் 'போ' என்று ஒரு தமிழ்ச் சொல் வரும்.

இங்கே பிள்ளைகள் அம்மாவை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஊருக்கு வீடியோ கால் போட்டால் என் அம்மா விழுந்து விழுந்து சிரிக்கும். "ஏன்டி, பெரியம்மாவப் போயி மாமான்னு கூப்டுகினு இருக்குது?" சிரித்து முடித்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வது கேமராவில் தெரியும். அம்மா என்ற சொல்லை அந்தப் பிள்ளை யாருக்கும் பயன்படுத்தியதே இல்லை.

அவளை இங்கே கொண்டு வர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் 2014இல் வந்தேன், அவள் வர இரண்டு வருடம் ஆனது. கோர்ட் ஆர்டர், சேகரின் சம்மதக் கடிதம், அதற்கு ஒரு நோட்டரி, அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு. சேகர் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தான், அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், கேட்ட அன்றே கையெழுத்துப் போட்டான். திலகாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஓட்டர் ஐடியில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி. இங்கிருந்த அதிகாரி அம்மா மூன்று தாளையும் வரிசையாக வைத்து, இவர்கள் மூன்று பேரா என்று கேட்டாள். ஒருத்திதான் என்றேன். அப்போது நான் புதிது, வாயில் ஒருமை பன்மை எல்லாம் உருண்டுகொண்டிருந்தது. பெரிய டாக்டரையே ஒரு தடவை 'நீ' என்று சொல்லி வார்டே சிரித்த காலம். ஒருத்தி என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னேன்.

பிறகு அந்த அம்மா, சாவுக்குக் காரணம் என்ன என்று கேட்டாள். எங்கள் தாளில் காய்ச்சல் என்று ஒரே ஒரு சொல். என்ன காய்ச்சல், எங்கிருந்து வந்தது என்றாள். படிவத்தை நிரப்பத்தான் கேட்டாள். எனக்கு வேலுச்சாமி சாரின் வெள்ளைச் சட்டை கண்ணுக்குள் வந்து நின்றது. தெரியாது என்று சொன்னேன். எனக்கு நன்றாகத் தெரியும்.

4

2010 ஆகஸ்டில் பேப்பரில் வந்தது, உலக அளவில் அந்தப் பெருந்தொற்று முடிந்துவிட்டது என்று. வேலுச்சாமி சார் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனாராம். அவருக்கு அவசரம் இருந்தது. மகள் காவ்யாவின் அரங்கேற்றம் ஒரு வருடமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. செப்டம்பரில் ஹாலில் வைக்க நாள் குறித்துவிட்டார். மேலிடத்து ஆட்களுக்கெல்லாம் பத்திரிகை கொடுத்துவிட்டார்.

ஹாலைத் திறந்தார், சரி. ஷட்டில் கோர்ட்டைத் திறந்தார், சரி. பிள்ளைகள் எத்தனை நாள்தான் வீட்டுக்குள் கிடக்கும்? திறந்ததை நான் ஒரு நாளும் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் டிரம்மையும் எடுத்தார். அரங்கேற்றத்து விருந்துக்குச் சமையல்காரர்கள் தண்ணீர் பிடித்துவைக்க வேண்டுமாம். சோப்பு போனது. கடைசியாக வேப்பிலையும் போனது. அப்போது இரண்டு வீட்டில் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அவரே போய்க் கழற்றினார்.

திலகா அப்போது தெருவில் நின்றிருக்கிறாள். "சார், அந்த வூட்ல இன்னும் புள்ளைக்கு ஜுரம் இருக்குதுங்க" என்றாளாம்.

"அதான் எல்லாம் திறந்தாச்சே, அப்புறம் எதுக்கு இது? வர்றவங்க பார்த்தா பிளாக்கைப் பத்தி என்ன நினைப்பாங்க? போ, போய் வேலையப் பாரு" என்றாராம் அவர்.

அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் முன்னால் காவ்யாவுக்குக் காய்ச்சல் அடித்தது. வெளியில் தெரிந்தால் யாரும் வரமாட்டார்கள் என்று மூச்சு விடவில்லை. கேட்டில் கொத்து கட்டவில்லை. திலகாவுக்கு எட்டாம் மாசம். அந்த மாதத்தோடு வேலையை விடுவதாக இருந்தாள். காலையில் நடந்து போனாள், கேட்டைப் பார்த்தாள். வேப்பிலை இல்லை. உள்ளே போனாள்.

மூன்று நாள் அந்தப் பெண்ணுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டிருக்கிறாள். கைக்குட்டை, படுக்கை விரிப்பு எல்லாம் கையால் துவைத்திருக்கிறாள். ஆடுகிற பெண் என்று காலையும் பிடித்துவிட்டிருக்கிறாள். ஏன்டி வெளியே வரவில்லை என்று பிற்பாடு நான் ஆஸ்பத்திரியில் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"சூடா இருக்குதேன்னு அம்மாவக் கேட்டேன்க்கா. ஆடுன களைப்புன்னாங்க. ஜுரம்னா கேட்ல கட்டியிருப்பாங்களேன்னு நானும் நெனச்சிகினு இருந்தேன்."

இதுதான் அவள் செய்த தப்பு. தான் சொல்லிக் கொடுத்த ஒரு வழக்கத்தை எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்கள் என்று நம்பினாள். அவர் கழற்றியதைத் தன் கண்ணால் பார்த்தும் நம்பினாள். தங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் அவர்களே கட்டிவிடுவார்கள் என்று எண்ணினாள். எங்கள் ஆட்களுக்கு இந்தப் பாழாய்ப்போன நம்பிக்கை எங்கிருந்துதான் வருகிறதோ.

நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல். என் கிளினிக்குக்கு வந்தபோதே உதடு நீலம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். பிள்ளையை வெளியே எடுத்தார்கள், தேங்காய் அளவுக்கு ஒன்று. திலகா பிள்ளையைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய்விட்டாள். எரித்துவிட்டுத் திரும்பிய அன்றுதான் நகரியத்தில் அரங்கேற்றம். எங்கள் வேன் அந்த பிளாக் வழியாக வந்தது. ஹாலில் சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது.

5

மூன்றாம் நாள் நான் வேலுச்சாமி சார் வீட்டுக்குப் போனேன். நகரியத்து வீடுகளுக்கு முன்னால் விசாலமாகத் தோட்டம் இருக்கும், கேட்டிலிருந்து வாசல் தூரம். அவர் கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"காவ்யாவுக்குக் காய்ச்சலா? யாரு சொன்னது? எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே. உங்க பக்கம்தான் சுத்தம் பத்தாது. அங்க எங்கியோ புடிச்சிருக்கும்."

அதை ஒத்துக்கொண்டிருந்தால் நான் அழுதுவிட்டுப் போயிருப்பேன். தப்பு நடந்துபோச்சும்மா என்று ஒரு சொல் போதும். சுத்தம் பத்தாது என்றார். அவர் வீட்டு அழுக்குத் துணியைத் துவைத்துச் செத்தவளைப் பற்றி அதைச் சொன்னார். குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளினேன். உன் குடி விளங்காமல் போக என்று சொல்லி அந்தக் கேட்டின் மேல் தூற்றினேன். அவர் சட்டையில் கொஞ்சம் பட்டது. வாட்ச்மேன் ஓடி வந்தான். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பிறகு ஒரு நாள் கிளினிக்கில் மாத்திரை மடித்துக் கொடுக்க வைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டில் அந்த ஆகஸ்ட் செய்தி என் கையில் அகப்பட்டது. அவர் தெருத் தெருவாகக் காட்டியது செய்தியின் மேல் பாதி. கீழ்ப் பாதியில், கிருமி போய்விடவில்லை, இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், கர்ப்பிணிகள் கவனமாக இருக்க வேண்டும், கண்காணிப்பை விடக்கூடாது என்று இருந்தது. பேப்பரை நடுவில் மடித்துப் பிடித்திருந்தாரோ என்னவோ. அந்தத் தாளை நான் கிழித்து வைத்துக்கொண்டேன். விமானம் ஏறியபோது பாஸ்போர்ட்டோடு அதுவும் வந்தது.

பழிவாங்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தணியவே இல்லை. நான் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை, செய்யத் தெரியவும் தெரியாது. ஆனால் ஜெர்மன் வகுப்பில் சொற்களை மனப்பாடம் செய்யும்போதும், கிழவிகளுக்கு முதுகு துடைக்கும்போதும், அந்த ஆள் ஒரு நாள் என் கையில் கிடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

6

கிடைத்தார். இந்த ஜனவரியில்.

காவ்யா கல்யாணமாகி, புருஷனுக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் வேலை என்று இதே ஊருக்கு வந்திருக்கிறாள். சுரங்கம் படித்தவர்களுக்கு இந்த ஊர் ஒன்றும் அதிசயமில்லை. அவளுக்கு மூன்று வயதில் ஒரு பையன். பேரனைப் பார்க்க வந்த வேலுச்சாமி சார் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து எங்கள் வார்டுக்கு வந்தார். சார்ட்டில் பெயரைப் படித்ததும் பிறந்த தேதியையும் ஊரையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். இத்தனை வருடம் கேட்டது கைக்கு வந்துவிட்டது.

நான் மாஸ்க் போட்டிருந்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. நான் தமிழில் வணக்கம் சொன்னதும் கண் கலங்கிவிட்டார்.

"தமிழா கண்ணு? எந்த ஊருங்க?"

"பண்ருட்டிப் பக்கம் சார்."

"அடடே. நான் நெய்வேலியில முப்பது வருஷம் இருந்தவனுங்க. நம்மூர்ப் பொண்ணு நீங்க. இனி எனக்கென்ன கவலை."

ஜெர்மனிக்கு வந்ததும் எனக்கு 'ங்க' கிடைத்துவிட்டது. நான் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். டம்ளரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதம் எங்கள் வார்டில் ஃப்ளூ புகுந்தது. மூன்று வாரம் பார்வையாளர்கள் யாரும் வரக்கூடாது என்று மூடிவிட்டோம். பிறகு மெல்லத் திறக்க ஆரம்பித்தோம். எங்கள் தலைமை நர்ஸ் பெட்ரா அதில் கெட்டிக்காரி. திறக்கும்போது ஒவ்வொன்றாகத் திறப்பாள். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள், ஒரு மணி நேரம், மாஸ்க், கைக்கு மருந்து. சளி இருமல் இருந்தால் கிடையாது, சின்னப் பிள்ளைகள் கிடையாது. ஆபரேஷன் ஆனவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் அறைக் கதவில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும், நர்ஸைக் கேட்காமல் உள்ளே வராதே என்று. வேலுச்சாமி சாருக்கு இரண்டும் உண்டு. நெஞ்சில் பழைய பைபாஸ் தழும்பு. கதவைத் திறக்க நாள் பார்க்கலாம், அட்டையைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று பெட்ரா சொல்லுவாள். இதை எங்கள் வீட்டில் ஒருத்தி எட்டு வருடம் முன்னாலேயே சொல்லிவிட்டாள் என்று எனக்கு நாக்கு நுனி வரை வரும்.

7

பார்வையாளர்களுக்குத் திறந்த முதல் நாள் மதியம் பெட்ரா மீட்டிங்கில் இருந்தாள். வார்டில் நான்தான். காவ்யா வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே மணியடித்தாள். தள்ளுவண்டியில் பையன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும்படி இருமினான்.

"லேசா சளிதான் சிஸ்டர். கிண்டர்கார்டன்ல எல்லாப் பிள்ளைக்கும் இருக்கு" என்றாள் காவ்யா.

பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்தேன். கதவை ஒட்டிய முதல் அறைதான் அவருடையது. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். இருமலும் அவருக்குக் கேட்டது.

"பேரனைத் தொட்டு மூணு வாரமாச்சு கண்ணு. அஞ்சே நிமிஷம். இந்த அட்டையைக் கழட்டி உள்ள வெச்சிருங்க. அதான் எல்லாம் திறந்தாச்சே, அப்புறம் எதுக்கு இது?"

அதே வார்த்தைகள். ஒரு சொல் கூட மாறவில்லை. ஏழு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த ஆயுதத்தை அவரே என் கையில் வைத்து, குத்து என்றார். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பையன் தாத்தாவின் மடியில் ஏறி முகத்துக்கு நேரே இருமுவான். இந்த உடம்பு தாங்காது. நாளைக்கு யாராவது கேட்டால், நம்மூர்ப் பெரியவர், அழுதார், மனசு கேட்கவில்லை என்பேன். எனக்குத் திட்டு விழும், அவ்வளவுதான்.

நான் அட்டையைக் கழற்றினேன். இதை மறைக்க மாட்டேன். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மனம் அப்போது இனித்தது. அவர் முகம் மலர்ந்தது. "மகராசியா இருப்பீங்க" என்றார்.

அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. அடுத்த அறையில் ஒரு கிழவி இருந்தாள், நுரையீரல் பாதி, அவளையும் அந்தக் காய்ச்சல் தூக்கிக்கொண்டு போகும் என்பது நினைவுக்கு வந்தது. அதைவிட என்னை நிறுத்தியது வேறு. என் கையில் இருந்தது திலகாவின் வேப்பிலை. அது அவள் சொன்ன யோசனை. ஒருவர் ஏற்கெனவே அதைக் கழற்றிவிட்டார். இரண்டாவதாகக் கழற்றியவள் அவள் அக்கா என்று ஆகக் கூடாது.

அட்டையைத் திரும்ப மாட்டினேன். மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி முகத்தைக் காட்டினேன்.

"நீங்க உங்க பிளாக்ல வேப்பிலையக் கழட்டுனப்பவும் இதத்தான் சார் சொன்னீங்க. உங்க வூட்ல வேலை செஞ்ச திலகாவோட அக்கா நான்."

நெற்றியைச் சுருக்கினார். "எந்தத் திலகா?"

அந்த நொடி அட்டையைப் பிய்த்து எறிந்துவிடத் தோன்றியது. ஏழு வருடம் நான் ஒரு நாள் விடாமல் நினைத்ததை அவர் ஒரு நாள் கூட நினைத்திருக்கவில்லை. பிறகு அவர் வாய் மெல்லத் திறந்தது.

"கேட்டுமேல மண்ணள்ளிப் போட்டுட்டுப் போச்சே ஒரு பொண்ணு..."

"நாந்தான் சார்."

செத்தவள் நினைவில் இல்லை, சாபம் நினைவிலிருந்தது. உட்கார நாற்காலியைக் கை துழாவியது. பிடித்து உட்கார வைத்தேன், விழவிடக் கூடாது, அது என் வேலை. வெளியே போய்க் காவ்யாவிடம் பிள்ளையோடு விட முடியாது என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று திலகாவின் பெயரையும் சொன்னேன். அவளுக்கு உடனே தெரிந்தது. வண்டிக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"திலகாக்காவா? எனக்குத் துணி போட்டாங்களே... ஊருக்குப் போயிட்டாங்கன்னுதான் அம்மா சொன்னாங்க."

"ஊருக்கு இல்ல" என்றேன்.

8

அன்று சாயங்காலம் காவ்யா அப்பாவுக்குப் போன் செய்தாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அவர் ஆமா ஆமா என்று மட்டும் சொன்னது கேட்டது. போனை வைத்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னைய என்ன செய்யப் போறீங்க?"

"மாத்திரை குடுக்கப் போறேன் சார்."

அதற்குப் பிறகு பதினொரு நாள் அவர் என் வார்டில் இருந்தார். மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்வார். நான் எல்லாவற்றையும் விதிப்படி செய்தேன், ஒரு வேளை மருந்தைக் குறைக்கவில்லை, ஒரு நிமிடம் தாமதிக்கவில்லை. ஆனால் பயப்படாதீங்க சார் என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அந்தப் பதினொரு நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

தினம் காலையில் கண் திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"வெளிய அட்டை இருக்குதுங்களா?"

தெருத் தெருவாகக் கொத்தைக் கழற்றியவர் கேட்கிறார். சில நாள் உடனே இருக்கிறது என்பேன். சில நாள் திரையை விலக்கி, தண்ணீர் ஊற்றி வைத்து, படுக்கையைச் சரிசெய்துவிட்டு அப்புறம் சொல்லுவேன்.

டிஸ்சார்ஜ் அன்று கை கூப்பினார். "நீங்க நெனச்சிருந்தா... என்னைய மன்னிச்சிருங்க கண்ணு. காவ்யாவுக்கு அன்னைக்குக் காய்ச்சல்தான். நாந்தான் கட்ட வேண்டாம்னேன்."

ஏழு வருடம் தாமதமாக அந்தச் சொல் வந்தது. கேட்டில் நின்றபோது கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"அத எங்கிட்டக் கேக்காதீங்க. அவ பெத்த புள்ள எங்கிட்டதான் இருக்குது. செப்டம்பர்ல எட்டு வயசு. கேக்குறதா இருந்தா அதுகிட்டக் கேளுங்க" என்றேன். பிள்ளை பிழைத்தது அவருக்குத் தெரியாது. நடைவண்டியை விட்டுவிட்டு அவர் கட்டிலில் போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன், நின்று பார்த்தேன். நம்பர் கேட்டார், கொடுத்தேன்.

9

எனவே நேற்றிலிருந்து போன். ஊருக்குத் திரும்பி அதே நெய்வேலியில் மகன் வீட்டில் இருக்கிறாராம்.

நேற்று கேக் சாப்பிட்டபடி யாழினி அந்தக் குடும்ப மரத்தைக் கொண்டு வந்தாள். திலகா என்ற இலையைக் காட்டி, இவர் எப்படிச் செத்தார் என்று டீச்சர் கேட்டதாகச் சொன்னாள். காய்ச்சல் என்றேன். எங்கிருந்து வந்தது என்றாள், அந்த அதிகாரி அம்மா மாதிரியே. இந்தத் தடவை தெரியாது என்று நான் சொல்லவில்லை. வேப்பிலையைப் பற்றிச் சொன்னேன். அது திலகாவின் யோசனை என்று சொன்னேன். மீதியைப் பெரியவள் ஆனதும் சொல்கிறேன் என்றேன். அவள் போய் அந்த இலைக்குப் பக்கத்தில் ஒரு கேட் வரைந்து, கேட்டில் பச்சையாக ஒரு கொத்து வரைந்து வந்தாள்.

எட்டு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு போவது அவருக்குச் சுலபம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, சரி தாத்தா என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். அதை நான் விடமாட்டேன். அவளுக்குப் பதினெட்டு ஆகட்டும். முழுக்கதையும் தெரியட்டும், பேப்பரின் இரண்டு பாதியையும் அவளே படிக்கட்டும். அதற்குப் பிறகு அவர் அவள் முன்னால் நின்று கேட்க வேண்டும். அறுபத்தைந்து வயது, பைபாஸ் நெஞ்சு, இன்னும் பத்து வருடம். அதுவரை அவர் சாகக் கூடாது.

சற்று முன் மூன்றாவது தடவை போன் அடித்தது. அடித்து நின்றதும் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினேன்.

"இந்த வருஷத்து ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டீங்களா சார்?"